ஆண்டவர் வங்காளத்தில் பேசிய நாள்

எங்கள் வீட்டில் ஆண்டவர் ஒரே ஒரு முறை வங்காள மொழியில் பேசினார். பேசியது அவரில்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. வெட்கக்கேடு!

வங்காளத்தில் டாக்குரியா ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஆறேழு குடும்பங்கள் ஞாயிறு சாயங்காலம் அங்கே ஜெபத்துக்குக் கூடும். பாட்டு முடிந்ததும் 'காத்திருப்பு' என்று ஒன்று உண்டு. யாருக்காவது ஒரு காரியத்தில் வழி தெரிய வேண்டுமென்றால், எல்லோரும் கண்ணை மூடிக் கால் மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். யார் உள்ளத்தில் ஏதாவது வார்த்தை வருகிறதோ அவர் அதைச் சத்தமாகச் சொல்வார். பெரும்பாலும் லோக்கல் ரயில் சத்தம்தான் வரும்.

அன்றைக்குச் சித்திக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். அலிப்பூரில் ஓர் ஆபீசில் வேலை. கூட வேலை பார்த்த வங்காளிக் கிறிஸ்தவர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். அவருக்கு மலைப்பக்கம் மாற்றலாகியிருந்தது. சித்தி அவரோடு போவதா, எங்களோடு இருப்பதா? யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆண்டவர் சித்தம் தெரியட்டும் என்றார்கள், அவ்வளவுதான். சித்தியும் தலையாட்டினாள்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது நாலு வயசுத் தம்பி சிங்காராத் தட்டை நோக்கி நகர்ந்தான். சமோசாவுக்கு அந்த ஊரில் அதுதான் பேர். எனக்கு ஒன்பது வயசு. தமிழைவிட வங்காளம்தான் நாக்கில் முந்திக்கொண்டு வரும். அவன் கையைத் தட்டிவிட்டு "தாக்!" என்றேன். அந்தச் சொல்லுக்கு 'இரு' என்றும் பொருள், 'விடு' என்றும் பொருள். நான் சொன்னது 'விடு'. அதுவும் சிங்காராவை.

ஜெபத்தை நடத்தும் பெரியப்பா கண்ணைத் திறந்தார். "ஏட்டி, என்ன சொன்ன?"

தட்டுப் பக்கம் போனதற்கு அடி விழும் என்று பயந்தேன். "நான் சொல்லல பெரியப்பா, தானா வந்துட்டு" என்றேன்.

போதாதா? "இருன்னு வந்திருக்கு!" என்றார் அவர். "நாம இந்த ஊர்லதான பொழைக்கோம். அவரும் இந்த ஊர் பாஷையிலயே சொல்லிட்டாரு." அம்மா அழுதாள். எனக்கு இரண்டு சிங்காரா கிடைத்தது.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சித்தி மெதுவாகக் கேட்டாள். "நீ சொல்லு பிள்ள. அந்தத் தாக், என்னைப் பாத்து இருன்னு சொன்னதா? இல்ல, இவங்களைப் பாத்து அவளை விடுங்கன்னு சொன்னதா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, நான் சொல்லவில்லை. சித்தி போய்விட்டால் எனக்கு யார் கணக்குச் சொல்லித் தருவார்கள், யாரோடு படுத்துக்கொள்வேன் என்பதே என் கவலையாக இருந்தது. "உங்களைப் பாத்துதான் சித்தி. இருன்னுதான்" என்றேன்.

அந்த மனிதர் தனியாகவே மலைக்குப் போனார். அதற்குப் பிறகு வந்த எந்த வரனுக்கும் சித்தி சம்மதிக்கவில்லை. இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அதே ஆபீசுக்குத்தான் போகிறாள்.

போன மாசம் போயிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"தெரியும் பிள்ள. அன்னைக்கு நான் எங்க கண்ணை மூடினேன்? தம்பி கையை நீ தட்டிவிட்டதைப் பாத்துட்டுத்தான இருந்தேன்."

"அப்புறம் ஏன் சித்தி எங்கிட்ட வந்து கேட்டீங்க?"

"வீட்ல ஒருத்தராவது என்னைப் போன்னு சொல்லுவீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அன்றைக்குத் தலை பின்னும்போது என் பதிலைக் கேட்டதும் சித்தியின் கை பாதியில் நின்றது. பிறகு வேகவேகமாகப் பின்னி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரிப்பன் கட்ட மறந்துவிட்டாளே என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.