ஓடினவனும் ஓடாதவனும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் எல்லாரையும் வெளியே ஓட வைத்துவிட்டேன். தீயும் இல்லை, புகையும் இல்லை... வெறும் காற்று!

கம்பெனி ஆமத்தூர் பக்கம். கொரியாவிலிருந்து புது மெஷின் வந்திருக்கிறது. கூடவே ஒரு இன்ஜினியர். பெயர் வாயில் நுழையாததால் எங்களுக்கு அவர் 'கொரியா சார்'. எனக்கு ஜோடி, ஒடிசாக்காரப் பையன் பிஜய். சார் கையைக் காட்டுவார், பிஜய் பாதி இந்தியில் பாதி தமிழில் சொல்வான், நான் ஸ்பேனரைத் திருப்புவேன். எப்படியோ வேலை ஓடியது.

அன்றைக்கு ட்ரையல். திடீரென்று மெஷினுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்ஸ்...'

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு, பிரிண்டிங் என்று சுற்றி இங்கே வந்தவன். பட்டாசு ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன, ஏது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலைப் பார்த்து ஓடணும். வெளியே போய்த்தான் தலையை எண்ணணும்.

"ஓடுங்கலே!" என்று கத்தினேன். அம்புட்டுப் பேரும் ஓடினார்கள். கொரியா சார் என்னையே முந்திவிட்டார். தமிழ் தெரியாத மனுஷனுக்கு அது மட்டும் எப்படிப் புரிந்ததோ!

வேப்பமரத்தடியில் எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. பிஜய்!

"ஏலே பிஜய்..." அவனுக்கு ஊரில் கைக்குழந்தை. வீடியோவில் எனக்குக் காட்டியிருக்கிறான். உள்ளே போகலாம் என்றால் கால் நகரவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

சத்தம் நின்றது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பிஜய் வந்தான். ஓடி இல்லை — நடந்து!

"எல்லாரும் எதுக்கு வெளியில நிக்குது அண்ணா? டீ வந்துச்சா?"

"உசுரு இருந்தாத்தானலே டீ குடிக்க? கத்துனேன்ல, ஏன் வரல?"

"ஏர் பைப் கழண்டுச்சு அண்ணா. வால்வு மூடிட்டு வந்தேன். நீங்க ஏன் மூடல?"

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்பாடா... அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இதற்கு முன் இரும்பு ஆலையில் இருந்தவன் பிஜய். அங்கே ஏர் பைப் சீறினால் முதலில் வால்வை மூடணுமாம். ஓடினால் திட்டு விழுமாம். எங்கள் பட்டாசு ஷெட்டிலோ நின்றால்தான் திட்டு!

கொரியா சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிஜயைக் காட்டி வால்வைத் திருகுவதுபோல் செய்தார். என்னைக் காட்டி இரண்டு விரலால் ஓடிக் காட்டினார். பிறகு இரண்டு கட்டைவிரலையும் தூக்கினார். மறுநாளே கம்பெனியில் புது விதிமுறை வந்துவிட்டது. வால்வுப் பக்கம் நிற்பவர் மூடுவது, மற்றவர்கள் வெளியேறுவது, நான் தலை எண்ணுவது.

நாலு தொழில் பார்த்தவன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது, நிஜம்தான். கால் மட்டும் இன்னும் பட்டாசு ஷெட்டை விட்டு வரவில்லை! பழைய வேலையின் பயத்தைத் தூக்கிக்கொண்டுதானே எல்லாரும் புது வேலைக்கு வருகிறோம்? பக்கத்தில் வேறு பயத்தோடு ஒருத்தன் நிற்பது நல்லதுதான்.

ஒன்றைச் சொல்லவில்லையே... மரத்தடியில் மாரியாத்தாளிடம் கேட்டது இதுதான் — "தாயே, அவன முழுசா அனுப்பிரு. பங்குனிக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்." அனுப்பிவிட்டாள். நேர்ந்ததைச் செலுத்தணும் அல்லவா?

பிஜயிடம் சொன்னேன். கூடவே வருகிறேன் என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"சட்டியப் போட்டுட்டு ஓடாதீங்க அண்ணா."