மாமாவின் நெஞ்சில் உலோகம்

மாமா சீன வைத்தியரிடம் போனது ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை என்று அம்மா இன்றும் வாதாடுவார். செவ்வாயில் எனக்கு நீச்சல் வகுப்பு, வைத்தியரிடம் நானும் கூடப் போனேன், ஆகவே வியாழன்தான். குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய ஞாயிறுக்கு அடுத்து வந்த வியாழன். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்களோடு தங்கி, ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தார். இலைகள் நிறம் மாறத் தொடங்கியபோது அவருக்கு இருமல் பிடித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், எதுவும் இல்லை. ஆனால் அவர் இருமினால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். இருமுகிறவரை நோயாளிகளுக்கு நடுவே வைத்திருக்க முடியாது, நின்ற பிறகு வாருங்கள் என்று வேலையிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நிற்காவிட்டால் வேலை போய்விடும். அந்தப் பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான்.

வைத்தியர் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தார்; குட்டையாக முடி வெட்டிய சீனப் பெண்மணி. அவர் பேசியது பிரெஞ்சு. மாமாவிடம் இருந்தது பொன்ஜூர் என்ற வணக்கமும் மெர்சி என்ற நன்றியும் மட்டும். அம்மாவிடம் அதைவிடக் கொஞ்சம் கூட. மொழிபெயர்ப்பாளர் நான்.

முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். மீசை வைத்த பெரிய மனிதர் ஒருவர் முன்பின் தெரியாத பெண்ணிடம் நாக்கை நீட்டுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு மாமாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, எதையோ கேட்பவர்போல நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். அவர் சொன்னதை நான் அப்படியே சொன்னேன்.

"மாமா, உங்கட சுவாசப்பை மெட்டலாம்."

"என்னவாம்?"

"மரம், நெருப்பு, மண், மெட்டல், தண்ணி எண்டு அஞ்சு இருக்காம். சுவாசப்பை மெட்டலோட சேர்ந்ததாம். இந்த இலை விழுற காலமும் அதோடதானாம். வெள்ளை நிறமும், உறைப்பும்."

"இவ்வளவு நாளும் இரும்பையோ சுமந்துகொண்டு திரிஞ்சனான்? அதுதான் மாடி ஏற இளைக்குது," என்றார் மாமா, இருமலுக்கு நடுவே.

பின்னாளில் இதைப்பற்றி நிறைய வாசித்தேன். நம்முடைய ஐம்பூதங்களில் உலோகம் இல்லை. அவர்களுடைய ஐந்தில் காற்று இல்லை. காற்றே இல்லாத வரிசையில் சுவாசப்பையை எங்கே வைப்பது என்று யாரோ ஒருவர் தலையைச் சொறிந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த கேள்வி எனக்குச் சிரிப்பு மூட்டியது.

"மாமா, நீங்கள் அழுவீங்களோ எண்டு கேக்கிறா. மெட்டலுக்கு உரியது கவலையாம், அழுகையாம்."

"இல்லையெண்டு சொல்லு."

"உள்ளதைச் சொல்லன் தம்பி," என்றார் அம்மா.

"அக்கா, நான் இருமலுக்குத்தான் வந்தனான்."

நான் இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்: இவர் அழுவதில்லையாம், அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியர் சிரிக்கவில்லை.

மாமாவின் மனைவி, என் மாமி, அந்தக் கோடையில் திருகோணமலையிலிருந்து வந்திருக்க வேண்டியவர். அவருக்காகப் புவாண்ட்-கிளேரில் மலிவு விற்பனையில் வாங்கிய ஊதா நிறக் குளிர் கோட்டு, விலைச்சீட்டுடன் எங்கள் அலுமாரியில் தொங்கியது. ஆவணியில் ஒருநாள், "மாமி இனி வரமாட்டா" என்று எனக்குச் சொன்னார்கள். குளிருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். காரியத்துக்குக்கூட மாமா ஊருக்குப் போகவில்லை. இங்கே அகதி வழக்கு முடியாத நிலையில், போனால் திரும்பி வர முடியாது.

கறுப்பாய் ஒரு கஷாயமும், வெள்ளைச் சாப்பாடும் மருந்து. அவித்த பேரிக்காயில் பாதியை நான் தின்றேன். முள்ளங்கி, வெங்காயம், இஞ்சி. "வெள்ளையெண்டா எங்கட இடியப்பத்துக்கு என்ன குறை?" என்று மாமா கேட்டார். அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். அசையாமல் நின்று தந்தார். ஒட்டவில்லை.

வெங்காயத்தை மட்டும் மாமா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் சமையலறை மேசையில் குனிந்திருந்து வெட்டுவார். கண்ணீர் மூக்கு நுனிவரை வழியும், துடைக்க மாட்டார். எங்கள் கறிக்குத் தேவையானதைவிட எவ்வளவோ கூட வெட்டினார். உறைபெட்டி நிரம்பியது, ஐஸ்கிரீமுக்கு இடமில்லாமல் போனது. எதையும் வீணாக்கினால் பொறுக்காத அம்மா, தானே அடுத்த பை வெங்காயம் வாங்கி வந்தார்.

ஒரு சனிக்கிழமை எனக்கு யோசனை ஒன்று தோன்றியது. என் நீச்சல் கண்ணாடியை எடுத்து வந்தேன்.

"மாமா, இதைப் போடுங்கோ. கண் எரியாது."

மாமா அதை வாங்கினார். மறுக்க மனமில்லாமல் நெற்றியில் மாட்டினார். அம்மா அடுப்பை விட்டு வந்து, அதைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"மாமாவை வெட்ட விடு."

"கண் எரியுதெல்லோ அம்மா?"

"எரியட்டும்."

முதற்பனி தரையில் தங்கிய வாரம் மாமா வேலைக்குத் திரும்பினார். இருமல் போயிருந்தது. கஷாயமா, பேரிக்காயா, எது மாற்றியது என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. கண்ணாடி கொண்டுவந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: சொந்தத் தம்பியின் கண் எரிவதைத் தடுக்க வழியிருந்தும் தடுக்காத கல்நெஞ்சுக்காரி என் அம்மா. செவ்வாய்க்கிழமை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகும்வரை நான் அவரோடு பேசவில்லை.