சேறு படாத ஜெர்சி

எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த கோச்சுக்கும் அக்கா, பஸ் ஓட்டிய எனக்கும் அக்கா, கிளப்பைத் தொடங்கிய மாவு மில் முதலாளிக்கும் அக்கா. உண்மையில் அந்த உறவுக்குச் சொந்தக்காரன் ஒருவன்தான். எங்கள் நடு டிஃபெண்டர், பிற்பாடு கேப்டன். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்று ரசிகர்கள் அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு எட்டு வயது, அக்காவுக்கு இருபது. கல்யாணப் பேச்சை அப்போதே ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அவனை வளர்த்தாள். பதினாறு வயதில் கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. மறுநாளே அக்கா மில் முதலாளியின் முன்னால் வந்து நின்றாள்.

"இவன் துணியை இத்தனை நாள் நான்தான் துவைக்கிறேன். மத்த இருபது பேர் துணியையும் சேர்த்துப் போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

முதலாளி சிரித்துவிட்டு அன்றைக்கே சலவை அறைச் சாவியைக் கொடுத்தார்.

அந்த அறை பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. இரண்டு மெஷின்கள், அதில் ஒன்று சுற்ற ஆரம்பித்தால் அறை முழுக்க நடந்து போகும். அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் அக்கா அதை அடக்குவாள். ஆட்டம் நடக்கும்போது தலைக்கு மேலே மரப்பலகையில் மூவாயிரம் பேரின் கால்கள் தடதடக்கும். ஆனால் அக்கா ஒரு ஆட்டத்தைக்கூட மேலே வந்து பார்த்ததில்லை. தம்பி கீழே விழுந்தால் தனக்கு மூச்சு நின்றுவிடும் என்பாள்.

பார்க்காமலேயே ஆட்டம் எப்படிப் போனது என்று சொல்லிவிடுவாள். எல்லாம் துணியில் இருந்தது. முழங்கையில் புல் கறை என்றால் சறுக்கிப் பந்தை எடுத்திருக்கிறான். முதுகில் சேறு என்றால் எவனோ பின்னாலிருந்து தள்ளியிருக்கிறான். கழுத்துப் பட்டி தொங்கினால் எதிரணிக்காரன் ஓடவிடாமல் பிடித்து இழுத்திருக்கிறான். கோச் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தலையை உள்ளே நீட்டுவார்.

"அக்கா, இன்னைக்கு யாரு டிமிக்கி குடுத்தது?"

"ஏழாம் நம்பர். இவன் ஜெர்சியைத் துவைக்கவே வேண்டாம், மடிச்சு வச்சாப் போதும்."

ஏழாம் நம்பருக்கு அன்று திட்டு விழும். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும்தான்.

நாங்கள் நாலாவது டிவிஷனில் கிடந்தோம். பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கே புரியவில்லை. ஆறு வருடத்தில் மூன்று முறை மேலே ஏறினோம். பெரிய கிளப்புகளின் சொகுசு பஸ்களுக்குப் பக்கத்தில் என் பழைய பஸ்ஸை நிறுத்தும்போது, இடம் தப்பி வந்துவிட்டேன் என்று நினைத்துக் காவலாளி விரட்டுவான். முதல் டிவிஷனில் நாட்டின் சாம்பியனை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்த நாளில் பூட்டுதான் கடைசி நிமிடத்தில் தலையால் கோல் போட்டான். மேலே பலகை உடைந்து தூசி அக்காவின் தலையில் கொட்டியது. கூரையே விழப்போகிறது என்று அவள் வெளியே ஓடி வந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தர் அவளைத் தூக்கிச் சுற்றினார். "உங்க தம்பிங்க! உங்க தம்பி!" என்று கத்தினார். தலையெல்லாம் தூசியோடு அவள் சுற்றியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த வருடம் ஆறாவது இடம். அதற்கு மேல் நாங்கள் போகவில்லை.

மில் முதலாளி மாரடைப்பில் இறந்தார். பிள்ளைகளுக்குக் கால்பந்தில் நாட்டமில்லை. அடுக்குமாடி கட்டுகிற ஒருவருக்குக் கிளப்பை விற்றுவிட்டார்கள். புது முதலாளி வந்த அன்று மைதானத்தைச் சுற்றி நடந்தார். கோல் கம்பத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மூன்று வருடத்தில் மூன்று டிவிஷன் இறங்கி, பழைய நாலாவது டிவிஷனுக்கே வந்துவிட்டோம். பூட்டு மட்டும் போகவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு இங்கேயே கிடந்தான்.

தொழில்முறை டிவிஷன்களில் நாலாவதுதான் கடைசிப் படி. அதற்குக் கீழே விடுமுறை நாட்களில் ஆடுகிற அணிகள்தான். மைதானத்தின் நிலத்தை நகராட்சி கிளப்புக்கு ஒரு நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுத்திருந்தது: தொழில்முறை ஆட்டம் நடக்கிறவரை அங்கே வேறு எதுவும் கட்டக் கூடாது. அந்தக் காகிதத்தைப் பற்றி எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். சமன் செய்தாலே போதும், பிழைத்துக்கொள்வோம். எதிரணி எங்களைவிட மோசம். காலையிலிருந்து மழை. மைதானம் உழுது போட்ட மாதிரி இருந்தது. நாங்கள் நாலு கோல் வாங்கித் தோற்றோம். ஒன்றுகூடப் போடவில்லை. தன் தலைக்கு மேலே அத்தனை பேர் இருந்தும் ஒரு கால்கூட அசையாமல் இருந்தது அன்றைக்குத்தான் என்று அக்கா சொன்னாள்.

மாலையில் துணிப் பைகளை நான்தான் சலவை அறைக்குத் தூக்கிப் போனேன். அக்கா அழுதுகொண்டே தரையில் கொட்டி நம்பர் நம்பராகப் பிரித்தாள். பாதியில் அவள் கை நின்றுவிட்டது.

"ஆட்டம் சேத்துலதானே நடந்துச்சு?"

"கணுக்கால் வரைக்கும் சேறுக்கா."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள். கடைசி இருபது நிமிடம் மட்டும் ஆடிய மாற்று ஆட்டக்காரனின் ஜெர்சி என்ன நிறம் என்றே தெரியவில்லை. முன்வரிசைக்காரர்களுடையதும் அப்படித்தான். நாலு ஜெர்சி மட்டும் தனியாகக் கிடந்தது. கோல்கீப்பர், இடது டிஃபெண்டர், நடுக்களத்தில் ஒருவன். மழையில் நனைந்திருந்தன, அவ்வளவுதான். நாலு கோல் வாங்கிய கோல்கீப்பர் ஒரு முறைகூடத் தரையில் பாய்ந்து விழவில்லை.

நாலாவது ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு அக்கா மெஷின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அது ஐந்தாம் நம்பர். பூட்டு.

அன்று அவள் எதையும் துவைக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் முறை.

மறுநாள் மதியம் அவன் வழக்கம்போல அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அங்கே நடந்ததை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"நேத்து ஒரு தடவையாவது கீழ விழுந்தியாடா?"

"என்னக்கா கேக்குற?"

"உன் துணியைப் பாத்தேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "எனக்கு முப்பத்துநாலு வயசுக்கா. ரெண்டு முட்டியும் போச்சு. எப்படியும் கிளப்பை மூடத்தான் போறாங்க. முதலாளியோட ஆளு ஒருத்தர் வந்து பேசினாரு. அவருக்கு வேண்டப்பட்ட கிளப்ல எனக்கு உதவிக் கோச் வேலை, மத்த மூணு பேருக்கும் ஆட இடம். கீழ இறங்கினா நிலம் அவர் கைக்கு வந்துடும். எனக்கு வேற என்ன தொழில் தெரியும், சொல்லு?"

அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லையாம். யாரோ ஒரு அந்நியன் வழி தவறி வந்து தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்ததாம். "முந்தாநாளும் இங்கதானேடா சாப்பிட்ட! ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே!" என்று மட்டும் கேட்டாளாம். பிறகு, "நீயே போய் லீக் ஆபீஸ்ல சொல்லிடு. திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றாள்.

அவன் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டாள். பதினான்கு ஜெர்சிகளையும் துவைக்காமல் தனித்தனிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். சேறு காய்ந்து பொருக்காகியிருந்தது. லீக் ஆபீசில் இருந்த அதிகாரி முதலில் சிரித்தார்.

"அழுக்குத் துணியை வச்சு வழக்கா? என்னம்மா இது?"

அக்கா அவருடைய மேஜை மேலேயே எல்லாவற்றையும் விரித்தாள். அந்த மனிதர் முன்னாள் ரெஃப்ரி. நாலு ஜெர்சிகளையும் மற்றவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு ஆட்டத்தின் வீடியோவைக் கொண்டுவரச் சொன்னார்.

விசாரணையில் கோல்கீப்பர் மூன்றாவது நாளே எல்லாவற்றையும் கக்கிவிட்டான். நாலு பேருக்கும் ஐந்து வருடத் தடை. முதலாளியின் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை. வந்து பேசிய ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். நிலத்து நிபந்தனையின் முழு விவரம் எங்கள் காதுக்கு எட்டியது அப்போதுதான்.

அதைவிடப் பெரிய இடி பிறகுதான் விழுந்தது. ஆட்டத்தின் முடிவை ரத்து செய்வார்கள், இன்னொரு முறை ஆடவிடுவார்கள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். விதிப் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. சொந்த ஆட்டக்காரர்களே தோற்றுக்கொடுத்தால் அந்தக் கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும். நீக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் ஏறி வரலாம் என்ற கொஞ்சநஞ்ச ஆசையும் போயிற்று. செய்தியைப் படித்துக் காட்டியபோது அக்கா என் கையிலிருந்து பேப்பரை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள்.

"அப்ப நான்தான் மூடியிருக்கேனா?" என்றாள்.

தெருவில் சிலர் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று அவளைத் தூக்கிச் சுற்றினாரே, அவர் கடை வாசலில் நின்று, "கூடப் பொறந்தவனையே காட்டிக்குடுத்தவ" என்று அவள் காதுபடச் சொன்னார். பூட்டு அவளோடு பேச்சை விட்டான். நாலு மாதத்தில் மைதானத்தை இடித்தார்கள். அக்கா ஆஸ்பத்திரிச் சலவையில் சேர்ந்தாள். நான் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போனேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அக்கா வீட்டில் குழாய் ஒழுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பூட்டு வந்தான். நொண்டியபடி உள்ளே வந்து உட்கார்ந்தான். அக்கா தேநீர் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"அது முதல் தடவை இல்லக்கா" என்றான்.

அக்கா புரியாமல் பார்த்தாள்.

"அதுக்கு முந்தின வருஷமும் ரெண்டு ஆட்டத்தை விட்டுக்குடுத்தேன். ஆட்டம் முடிஞ்சதும் ஓரமாப் போய்ச் சேத்துல நானே புரண்டேன். நீ துணியைப் பாப்பேன்னு தெரியும். கடைசி ஆட்டத்துல அதுக்குக்கூட மனசு வரல."

அக்கா அவன் எதிரே உட்கார்ந்தாள். "அதுல ஒரு ஆட்டத்துக்கு அப்புறம் கோச் வந்து கேட்டாருடா. உன் ஜெர்சியைத் தூக்கிக் காட்டி, இவன் ஒருத்தன்தான் இன்னைக்கு உயிரைக் குடுத்து ஆடியிருக்கான்னு சொன்னேன்."

"தெரியும். என்கிட்ட வந்து சொன்னாரு."

நான் ஸ்பானரைக் கையில் வைத்தபடி நின்றேன். கீழே வைக்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே அவன் தானாக லீக் ஆபீசுக்குப் போனான். நான்தான் கூட்டிப்போனேன். ஐந்து வருடத் தடை ஆயுள் தடை ஆனது. இப்போது ஒரு கிடங்கில் சரக்குக்குச் சீட்டு ஒட்டுகிறான். ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். இருவரும் சண்டை போடுவதில்லை. கால்பந்தைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

போன மாதம் அவளிடம் கேட்டேன், மனசு ஆறிவிட்டதா என்று.

"ஆறிடுச்சுன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். "ஆனா சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உக்காந்து அவன் மூஞ்சியையே பாப்பேன். எட்டு வயசுலேர்ந்து பாத்த மூஞ்சி. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."