அக்காவின் வண்டிச் சத்தம்

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது அவருடைய வண்டியில் ஏறியிருப்பீர்கள். ஏறாதவர்கள் அதன் சத்தத்தையாவது கேட்டிருப்பீர்கள். ஜார்ஜ் டவுனில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் தப்பித்தவர்கள் குறைவு.

அக்கா பிறந்தது இதே ஊரில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியில். எனக்கு ஒரே அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும், கணக்கில் தவறினால் காதைத் திருகியதும் அவர்தான். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை உழைத்தார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்த வேகத்தில் போயும் விடும்.

வண்டி அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கும்போதே பழையது. ஒரு மழை நாளில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அக்கா அவரைப் பின் இருக்கையில் படுக்கவைத்து மருத்துவமனைக்கு ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது இன்ஜின் அணைந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. கூட வந்த நானும் வழியில் போனவர்களும் தள்ளித் தள்ளித்தான் கிளப்பினோம். அப்பா பிழைத்துக்கொண்டார், அதன் பிறகும் பல ஆண்டுகள் இருந்தார். ஆனால் அன்று அக்காவைப் பிடித்த பயம் விடவேயில்லை.

மறுநாளே பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரில் இருக்கும் சிறிய திருகைத் தன் கையாலேயே முடுக்கினார். வண்டி நிற்கும்போது இன்ஜின் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் திருகுதான். அன்றிலிருந்து எங்கள் வண்டி நின்ற இடத்திலும் உறுமிக்கொண்டே நின்றது.

மாக் மண்டின் பட்டறைக்காரர் சொல்லிப் பார்த்தார். "அக்கா, ஐட்லிங் ரொம்பத் தூக்கி வச்சிருக்கீங்க. பெட்ரோல் மிஞ்ஞாக் சும்மா எரியும்லா."

"எரியட்டும். நடு ரோட்டுல நின்னா நீயா வந்து தள்ளுவே?"

என் திருமணத்தன்று வண்டியை அணைக்க மனமில்லாமல் கோயில் வாசலிலேயே ஓடவிட்டிருந்தார். பாதிரியார் பாதியில் நிறுத்தி, "வெளியே யாரோட லோரி?" என்று கேட்டார். அக்கா அசையவில்லை. உறவில் எத்தனை மணப்பெண்கள், எத்தனை பிரசவங்கள், எத்தனை நோயாளிகள் அந்த உறுமலோடு போய்ச் சேர்ந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாரையும் அவர் வழியில் விட்டதில்லை.

பிறகு நோய் வந்தது. எலும்புவரை பரவியது. சிகிச்சைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வாடகைக் காரில் போகலாம் என்றால், "என் காடி இருக்க, ஊரான் காடி எதுக்கு?" என்பார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்த அதிர்வு இருக்கை வழியாக அவர் முதுகில் ஏறும். உதட்டைக் கடித்துக்கொள்வார். எனக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் இறக்கிடட்டுமாக்கா? வலிக்குதுல்ல?"

"வலி பரவால்ல தம்பி. பாதியில நின்னுட்டா நீ ஒருத்தன் என்னா செய்வே? ஒனக்கும் வயசாச்சி."

ஒருநாள் வலியில் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் அவரே, "சரி, பானெட்டைத் தொற," என்றார்.

இன்ஜின் சூடாகும்வரை காத்திருந்தேன். அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து டேஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சத்தம் இறங்கியது. திடீரென்று இன்ஜின் ஒருமுறை இருமியது.

"பாத்தியா!"

"இருங்கக்கா." பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் இன்னொரு திருகைச் சற்றே அசைத்ததும் ஓட்டம் சீரானது. அக்கா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "போதும்லா," என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரே கேள்வி. "ஓடுதா?"

"ஓடுதுக்கா."

ஒருநாள் திரும்பி வரும்போது விளக்கில் நின்றேன். கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் அக்கா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீடு வந்ததும் விழித்து, ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சில வாரங்களில், வீட்டிலேயே, இறைவனிடம் சென்றார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஃபெரி ஏறி வந்து பேசிச் சிரிக்கவைத்த மாக் மண்டின் தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்னொருவரும் இருக்கிறார். அக்கா வண்டியில் தூங்கிப்போன அன்று, பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை, கியர் போட்டால் குலுங்கி அக்கா விழித்துவிடுவார் என்று. மறுபடியும் சிவப்பு வந்தது. எனக்குப் பின்னால் நின்ற காரில் இருந்தவர் ஹார்ன் அடிக்கவில்லை. அவர் யாரென்று தெரியாது, இந்த மலர் அவர் கைக்குப் போகவும் போகாது. அவருக்கும் என் நன்றி.