ஒரே விமானத்தில் மூன்று சாகுல்

போன வாரம் ஒருவனுடைய வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடுதான்!

சாகுல் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். மேலப்பாளையத்துக்காரன், ஷார்ஜாவில் வேலை. இரண்டு மாத லீவில் வந்த இடத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டைப் பிரித்து, நடந்து பழகுவதற்குள் ஆறு மாதம் நெருங்கிவிட்டது. ஆறு மாதம் தாண்டினால் விசா செல்லாது. சனிக்கிழமைக்குள் அவன் அங்கே இறங்கியாக வேண்டும்.

திங்கட்கிழமை திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். திருவனந்தபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமை விமானம். கடைக்கார அண்ணாச்சி போன் போட்டு, சாகுல் பேரில் ஒரு சீட்டைப் பிடித்துவைத்தார். சாகுலின் கை சட்டைப் பைக்குப் போனது. நான் பிடித்துக்கொண்டேன்.

கத்திரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குகிறவன் நான். விமான டிக்கெட்டை முதல் கடையிலேயே வாங்கலாமா?

"பைய வாலே, இன்னும் ரெண்டு எடம் பாத்துருவோம்" என்றேன்.

பாளையங்கோட்டையில் இருநூறு ரூபாய் குறைவு. அங்கேயும் பேர் கொடுத்தோம். "சீட்டு மளமளன்னு போகுது சார்" என்றார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் பேசினோம். இன்னும் நூறு குறைவு! அங்கேயும் பேர். "இதான் சார் கடைசி சீட்…"

எவன்தான் இப்படி வாங்கித் தள்ளுகிறான்?

மறுநாள் காலை, சென்னையையே முடித்துவிடலாம் என்று போன் செய்தோம். சீட் இல்லை, கேன்சல் ஆகிவிட்டதாம். பாளையங்கோட்டைக்கு ஓடினோம். அங்கேயும் அதே பதில். ஜங்ஷன் அண்ணாச்சி விசாரித்துவிட்டு, போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எத்தனை எடத்துல பேரு குடுத்திய?"

"மூணு…"

"ஒரே ஆளு பேருல மூணு சீட்டுன்னா ஏர்லைன்ஸ்காரன் விடுவானா? மூணையும் கழிச்சுட்டான். வெயிட்டிங் லிஸ்ட்காரங்க ஏறியாச்சு. இப்ப ஃபுல்லு."

வாங்கித் தள்ளியவன் வேறு யாருமில்லை, சாகுலேதான்!

அண்ணாச்சி அவனை வெயிட்டிங் லிஸ்டில் சேர்த்தார். இரண்டாவது பேர். சாகுல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டு வாசலில் அவன் மனைவி, "டிக்கெட் கெடச்சிருச்சா அண்ணே?" என்று கேட்டபோது, "வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கும்மா" என்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நானும் திருவனந்தபுரம் போனேன். அவன் உள்ளே, நான் கண்ணாடிக்கு வெளியே. ஒவ்வொருவராகப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சாகுல் மட்டும் ஓரமாக, கைத்தடியை ஊன்றியபடி… முக்கால் மணி நேரம்! மலிவு தேடுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கைக்கு வந்தது போதும் என்று தோன்றவே தோன்றாது. அந்த வியாதி எனக்கு, பத்தியம் அவனுக்கு.

கவுண்ட்டரை மூடப் போகிற நேரத்தில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போனான். பேசினான். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்துக் கைத்தடியைத் தூக்கிக் காட்டினான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவிலிருந்து போன். "டூட்டில சேந்துட்டேம்லே. யாரோ ஒரு குடும்பமே வரலையாம், அதான் எடம் கெடச்சிருக்கு. எனக்கு ரெண்டு பக்கமும் சீட்டு சும்மா கெடந்துச்சு!"

"சும்மா எங்கலே கெடந்துச்சு? மத்த ரெண்டு சாகுலும் உக்காந்திருப்பானுவ!"