வரிசையில் ஓர் அடுப்பு

கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஏறுகிறவர்கள் என்னிடம் முதலில் இந்தியில்தான் பேசுவார்கள். என் கண்ணும் மூக்கும் அப்படி. மணிப்பூரா, அசாமா என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். "இன்னா, தள்ளிக் குந்தணுமா? அத தமிழ்லயே கேளேன்" என்று நான் திருப்பிக் கொடுத்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

நான் பிறந்தது சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய கிராமத்தில். அம்மாவும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா கொரியாக்காரர். இங்கே தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் வந்த இன்ஜினியர். அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் அம்மா சமையல் வேலை பார்த்தாள். நான் வயிற்றில் இருக்கும்போதே ஊருக்குப் போன மனிதர் திரும்பி வரவேயில்லை. கதை அவ்வளவுதான்.

இந்த ஆடி பிறந்த வாரம், பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி ஒரு தடித்த புத்தகத்தை என் மடியில் வைத்தாள். கோவில்பட்டிப் பெண், ஹாஸ்டலில் தங்கி என் லைனிலேயே வேலை பார்ப்பவள்.

"இதப் படிங்கக்கா. வெளிநாட்டு அரசியல்வாதி ஒருத்தரு தன் கதைய எழுதிருக்காரு. அவருக்கு அப்பா ஒரு இனம், அம்மா வேற இனமாம். அப்படியே உங்க கதைதான்."

கம்பெனி இருக்கும் ஒரகடம் போய்ச் சேருகிற வரை தினமும் படித்தேன். ஆரம்பத்தில் பிடித்திருந்தது. சின்ன வயதில் கண்ணாடி முன் நின்று, தன் முகத்தில் எது யாருடையது என்று பிரித்துப் பார்த்ததை எழுதியிருந்தார். நானும் செய்திருக்கிறேன். நெற்றியும் காதும் அம்மாவுடையவை, மற்றதெல்லாம் அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பாதியைத் தாண்டியதும் எரிச்சல் வந்தது. விட்டுவிட்டுப் போன அப்பாவின் வேரைத் தேடி மனிதர் ஊர் ஊராக அலைகிறார். வளர்த்த அம்மா அங்கங்கே தலையைக் காட்டிவிட்டுப் போகிறாள். "ஏன்யா, சோறு போட்டவங்களுக்கு நாலு பக்கம் கூட கெடையாதா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார்.

ஆனால் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். அப்பாவின் கிராமத்தில் அவர் கால் வைத்ததும், முன்பின் பார்த்திராத சொந்தக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்து நடுவில் இடம் விடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொறாமை என்றே சொல்லிவிடலாம். பிறந்த ஊரிலேயே எங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது.

ஆடி மூன்றாம் ஞாயிறன்று எங்கள் அம்மன் கோயில் முன்னால் ஊரே வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிடும். ஊர்ப் பெரியவர் வீட்டுக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அந்த வீட்டுப் பெண் அடுப்பைப் பற்ற வைப்பாள். கூப்பிடுவதெல்லாம் ஆண்களின் பெயர். எங்கள் வீட்டில் ஆண் இல்லை. அதனால் எல்லார் பானையும் பொங்கி, கூட்டம் கலைந்த பிறகு, வேப்ப மரத்துக்குப் பின்னால் அம்மா தனியாகப் பொங்குவாள். என்னைப் பெற்ற வெட்கத்தில்தான் அவள் மறைந்து நிற்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. வருடா வருடம் வலித்தது.

இந்த வருடம் விடுவதில்லை என்று பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

"எங்கம்மா பேரச் சொல்லிக் கூப்டுங்க பெரிப்பா."

"பொம்பள பேர்ல கூப்டற வழக்கம் இல்லியேம்மா. உன் மாமன் அடுப்புலயே உங்கம்மாவ ஒரு கை அரிசி போடச் சொல்லு. அவன்கிட்ட நான் பேசறேன்."

"அவங்க தனியா நின்னு என்ன வளத்தாங்க. அடுப்பும் தனியாத்தான் வேணும்."

"இத்தினி வருசம் இல்லாத வம்பு இப்ப இன்னாத்துக்கும்மா?"

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "வம்புதான் பெரிப்பா. அடுப்போட வரோம்" என்றுவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணாம்."

"ஏன், என்னால உனக்கு இன்னும் வெக்கமா இருக்குதா?"

இத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"வெக்கமா? அடிப்பாவி! முன்னாடி நின்னா அல்லாரும் உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. இது யாரு ஜாடை, இவ அப்பன் எங்கன்னு கேப்பாங்க. நீ அழுவ. கூட்டம் போவட்டும்னு நின்னுகினு இருந்தேன். உனக்காகத்தான்டி."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். அந்த அரசியல்வாதியைத் திட்டிய வாய் இதுதான். நானும் அம்மாவிடம் அப்பாவைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். உயரமா, கோபம் வருமா, என்ன பிடிக்கும் என்றெல்லாம். நீ ஏன் அந்த மரத்தடியில் நிற்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "இனிமே அழ மாட்டேன். யாரு கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கிறேன். நீ வா."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லிவிட்டேன். காலையில் முதல் ஆளாகப் போய், வரிசையின் நடுவில் மூன்று செங்கற்களை வைத்தேன். ஒவ்வொரு வீடாக வந்து இரண்டு பக்கமும் அடுப்பு போட்டார்கள். அம்மா பானையோடு வந்தாள். கால் பழக்கத்தில் வேப்ப மரத்துப் பக்கம் போயிற்று. நான் கூப்பிடாமல் செங்கற்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றவள், வந்து பானையை வைத்தாள்.

பெரியவர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து எங்கள் முன்னால் நின்றார். வரிசையில் எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா சொன்னது சரிதான், எல்லாரும் பார்த்தது என் முகத்தைத்தான்.

"இது யாரு வூட்டு அடுப்பு?"

தெரியாமலா கேட்டார்? ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா தன் பெயரைச் சொன்னாள். வரிசையின் கடைசி வரை கேட்கும்படி சொன்னாள்.

"என் வூட்டு அடுப்பு. இவ என் பொண்ணு" என்று என் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள்.

பெரியவர் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. செங்கல்லை எடுக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அம்மா அவர் போன பக்கம் பார்க்கவில்லை. அடுப்பு முன் உட்கார்ந்து என்னிடம் கையை நீட்டினாள்.

"தீப்பெட்டி குடு."