டெலிட் விசையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர்

என் விசைப்பலகையில் டெலிட் விசையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. காயத்தில் பஞ்சு வைத்து ஒட்டுவார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்டர்தான். போன வாரம் முழுக்க அதன்மேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். கணினி பழுது பார்க்க வந்தவர் முடிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இயந்திரத்தில் எழுத்துருக்கள் அளவுக்கு மீறி ஏறிக் கிடக்கின்றனவாம்; பயன்படாதவற்றை அழிக்காவிட்டால் முகூர்த்த மாதத்தில் ஒருநாள் அப்படியே நின்றுவிடுமாம். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எது பயன்படாதது என்று யார் சொல்வது?

அந்தப் பிளாஸ்டரை முதன்முதலில் ஒட்டியவர் லாத்தா. காரைக்கால் கடைத்தெருவில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் இந்தக் கடை அவருடையது. லாத்தா என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அக்கா. கணவர் துபாயில் இருக்க, கடையை அவர்தான் நடத்தினார். விழிதியூரிலிருந்து பஸ் ஏறி வந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த நானும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பயப்படுவதற்கென்றே பிறந்தவர் போலிருப்பார். மழை பெய்தால் மின்சாரம் போகும் என்று பயம், வெயில் அடித்தால் பெட்டி சூடாகும் என்று பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவர், ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் குழந்தை மேசைமேல் ஏறி விசைப்பலகையைத் தட்டியதில் மணப்பெண்ணின் பெயரே காணாமல் போனது. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன்பே கண்ணில் பட்டது. அன்று சாயந்திரமே பிளாஸ்டர் வந்துவிட்டது. "இதுக்கு மேல கை வைக்கிறதுன்னா ஒரு நிமிஷம் யோசிப்பல்ல" என்றார். விசைப்பலகை தேய்ந்து மாறும்போதெல்லாம் புதுப் பிளாஸ்டர் ஒட்டுவது அவர் வேலை. இப்போது அது என் வேலை.

அவருடைய பயத்தில் ஒரு மரியாதையும் இருந்தது. பிழை பார்க்க அடித்தெடுக்கும் தாள்களில் பிஸ்மில்லாஹ் இருக்கும். அது குப்பைக்குப் போகக் கூடாது, காலில் மிதிபடக் கூடாது. அதற்கென்றே சுவரில் ஆணியடித்து ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டிருந்தார். இந்துக் கல்யாணப் பத்திரிகைத் தாள்களை நான் பாட்டுக்குக் கசக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்த்துவிட்டார். "உங்க புள்ளையாரு மட்டும் என்ன பாவம் பண்ணுனாரு? அவரையும் பையில போடு." பை நிரம்பியதும் ஆட்டோ பிடித்து அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போய், இருவருமாகத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவோம்.

எழுத்துரு ஒன்றைக்கூட அழிக்க விடமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் செய்யப்பட்டவை. ஒன்றில் அடித்ததை அந்த ஒன்று இல்லாமல் திறந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் போய், ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் கலந்த கூளம்தான் திரையில் நிற்கும். எங்கள் பிழைப்போ பழைய கோப்புகளை நம்பி ஓடுகிறது. பூவத்திலிருந்து வருவார்கள், அக்காவுக்கு அடித்த மாதிரியே தங்கைக்கும் வேண்டும் என்பார்கள். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காகப் பிரெஞ்சில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்வார்கள். பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அழித்தால் போயிற்று என்கிறார் கணினிக்காரர். முன்பு இயந்திரம் மாற்றியபோது அப்படித்தான் செய்தோம். ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் இருந்து, ஒன்றின் இடத்தில் மற்றது ஏறி உட்கார்ந்து, நல்ல கோப்புகள் சில கூளமாகிப் போயின. அன்றிலிருந்து லாத்தாவின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போன வாரம் என்னை அழிக்க விடாமல் தடுத்தது ஒரே ஒரு கோப்பு. லாத்தா மருத்துவத்துக்காகப் புதுச்சேரிக்குப் போய்வரத் தொடங்கியிருந்த சமயம் அது. அவர் மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்துருப் பட்டியலை ஏற்றி இறக்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, மகளின் நிக்காஹ் அழைப்பிதழைத் தானே செய்தார். மாப்பிள்ளை பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருப்பதாகச் சொன்னார். எட்டிப் பார்க்கப் போன என்னைக் கையால் தடுத்தார். "மாப்புள்ள முடிவாகுற வரைக்கும் இதைத் தொறக்காத புள்ள. கண்ணூறு பட்டுடும்." பயப்பட இவருக்கு இன்னொன்று கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். நோய் எந்த அளவில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

கணவர் துபாயிலிருந்து வந்து, கடையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மகள் படித்து முடித்து இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள். கோப்பு திறக்கப்படாமலே கிடந்தது. எந்த எழுத்தில் அடித்தார் என்பது திறந்தால்தான் தெரியும். திறக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தெரியாமல் எதை அழிப்பது? அழிக்காமல் விட்டு இயந்திரம் நின்றுபோனால் அந்தக் கோப்பும் சேர்ந்து போய்விடுமே? பஸ்ஸில் உட்கார்ந்தாலும் இதே யோசனைதான். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பெற்றவள் மகளுக்கென்று செய்து வைத்துவிட்டுப் போன காரியம் என் கையால் கெட்டுப்போனால், அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கடைசியில் அவளிடமே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலத்தெருவில் உள்ள வீட்டுக்கு வந்தவள், பையை வைத்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள். என்னைச் சாச்சி என்பாள். சின்னம்மாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணூறு போட இங்க யாரு இருக்கா சாச்சி? உங்க கண்ணும் என் கண்ணும்தானே?" என்று சொல்லிவிட்டு அவளே கோப்பைத் திறந்தாள்.

திரை வெள்ளையாக அப்படியே நின்றது. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. பிஸ்மில்லாஹ், ஓரத்தில் ஒரு பூங்கொடி, பெரிதாக மகளின் பெயர், அதற்கு எதிரே புள்ளி புள்ளியாக ஒரு காலியிடம். ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை. கீழே, அழைப்பவர்கள் என்ற இடத்தில் கணவரின் பெயரும் பக்கத்தில் லாத்தாவின் பெயரும் இருந்தன. வெறும் பெயர்கள். காலமானவர் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடுவது வழக்கம், பெண்ணென்றால் மர்ஹூமா. அதை விட்டுவிடாதே என்று அழைப்பிதழுக்கு அழைப்பிதழ் என்னை எச்சரித்தவர் அவர்தான். பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வந்தவர், டெலிட் விசைக்குப் பிளாஸ்டர் ஒட்டியவர், புதுச்சேரிக்குப் போய்வந்துகொண்டே இதை அடித்திருக்கிறார். தன் பெயருக்கு முன்னால் மட்டும் அந்தச் சொல்லுக்கு இடம் விடவில்லை. மகள் கல்யாணத்தில் இருப்போம் என்று நம்பினாரா, ஆசைப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

மகள் திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டாள். "இதை மாத்தணுமா சாச்சி?" என்றாள்.

"மாத்தாம அடிக்க முடியாதேம்மா. அன்னைக்கு நாந்தான் போடணும்."

"அப்ப இதே எழுத்துல போடுங்க. வேற எழுத்துல போட்டா ஒட்ட வச்ச மாதிரி தெரியும்."

எந்த எழுத்துரு என்று இப்போது தெரிந்துவிட்டது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்திருக்கலாம். திங்கட்கிழமை கணினிக்காரர் வந்தபோது என்னால் முடியவில்லை. பட்டியலை இறக்கிப் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு எழுத்திலும் யாரோ ஒரு வீட்டு அப்பாவோ உம்மாவோ, பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாமல், தங்கள் வரவை எதிர்பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. அவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்களோ. இந்த இயந்திரம் இப்படியே ஓரமாக இருக்கட்டும், புது வேலைக்கு வேறொன்று பாருங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. என்றைக்காவது அவள் ஒரு மாப்பிள்ளையின் பெயரோடு கடைக்கு வருவாள், நான் அந்தச் சொல்லை லாத்தாவின் பெயருக்கு முன்னால் அடித்தாக வேண்டும். அந்த நாளும் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். என் விரல் பட்டுப் பட்டுப் பிளாஸ்டரின் ஓரம் எழும்பியிருந்தது. இன்று காலை அதை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினேன்.